பண்ருட்டி அம்மாவுக்கு: தோப்பை அடகு வைக்காதீர்கள்

போன வாரம் மகளோடும் அவள் பெரியப்பாவோடும் கடலூருக்கு என்னைப் பார்க்க வந்தீர்கள். பெரியப்பாதான் பேசினார். சென்னையில் தனியார் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஹாஸ்டலோடு நாலு வருஷத்துக்கு எட்டு லட்சம், முந்திரித் தோப்பை அடகு வைத்தால் ஆச்சு என்றார். உங்கள் கலக்கத்தைப் பார்த்து, "யோசிக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அது தப்பு. வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது, விடுங்கள். நீங்கள் கொண்டுவந்த முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்ததும் உங்கள் மகள், "இது 240 இல்ல மேடம், 320" என்றாளே, அன்று அவள் பேசியது அது ஒன்றுதான். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு எத்தனை முழுப்பருப்பு என்பதுதான் அந்த எண். எண் கூடினால் பருப்பு சிறுக்கும், விலை இறங்கும். அத்தையின் கொட்டகையில் தோல் உரித்தே அதைக் கண்ணால் எடை போடக் கற்றிருக்கிறாள்.

அவளை அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்த்துவிடுங்கள். கூடவே, வறுத்த முந்திரியைப் பொட்டலம் போட்டு விற்கும் தொழிலைச் சின்னதாகத் தொடங்கட்டும். கொட்டை உடைக்கும் வேலை இப்போது வேண்டாம். ஓட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்கும், சீசனில் கொட்டை வாங்கிப் போடவும் பெரிய முதல் வேண்டும். உடைத்த பருப்பை வாங்கி, உப்பு, மிளகு போட்டு வறுக்கலாம். உடைந்த துண்டு ஸ்வீட் கடைக்குப் போகும். இந்த அளவு வியாபாரத்துக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டு பதிவும், வங்கிக் கணக்கும் அவள் பெயரில் இருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன். நம் பக்கத்துக் கொட்டகைகளில் தோல் உரித்துத் தரம் பிரிப்பது பெண்கள். கல்லாவும் பத்திரமும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில். இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தும், எத்தனை வீட்டுப் பத்திரத்தில் பெண் பெயர் ஏறியிருக்கிறது? கடன் கேட்டுப் போனால் அடமானத்துக்கு அவளிடம் ஒன்றும் இருக்காது. ஆனால் சிறுதொழில் கடனுக்கு குறைந்தது 10 லட்சம் வரை வங்கி சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மேனேஜர் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

முதல் ஒரு வருஷம் கடனே வேண்டாம். விற்பனை பிடிபட்ட பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். வேலையற்ற இளைஞர்களுக்கான மாநிலத் திட்டத்தில், தொழிலுக்கு ஆகும் மொத்தச் செலவில் 25 சதவீதம் மானியம் உண்டு. பெண்கள் கைப்பணமாக 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் கையில் வராது, கடனில்தான் கழியும்.

"கல்யாணம் ஆனா எல்லாம் போயிடுமே" என்றீர்கள். அவள் பெயரில் இருந்தால் எந்த ஊருக்குப் போனாலும் அவளோடு வரும். அண்ணன் பெயரில் இருந்தால்தான் போகும்.

திங்கட்கிழமை அவளோடு நீங்கள் மட்டும் வாருங்கள். மூன்று வியாபாரிகளிடம் 320-க்கும் துண்டுக்கும் விலை கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.