கிரீட் தீவில் ஒன்பது நாள்: கேமராவோடு போகிறவர் எங்கே தங்கலாம்?

கேள்வி: நானும் மனைவியும் 2027 ஏப்ரல் 24 முதல் மே 3 வரை கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போகிறோம். படம் எடுப்பதற்காகவே போகும் பயணம். க்னோஸோஸ், ஸ்பினலோங்கா, வாய் பனைமரக் கடற்கரை, லஸ்ஸிதி காற்றாலைகள், மதாலா, ஸமாரியா பள்ளத்தாக்கு, பாலோஸ், எலஃபோனிசி, ஹனியா எல்லாவற்றையும் காரில் ஒரு சுற்றாகப் பார்த்துவிட நினைக்கிறோம். என்னிடம் 24-70, 70-200, 150-600 லென்ஸ்கள் இருக்கின்றன. இந்தத் திட்டம் சரியா? எதையெல்லாம் எடுத்துப் போகலாம்? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். தீவைச் சுற்றவே வேண்டாம், மேற்குப் பாதி போதும். ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் இந்த ஒரு முடிவில்தான் பயணம் முழுவதும் நிற்கிறது.

கிரீட் கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம். அகலம் சில இடங்களில் 12 கிலோமீட்டர்தான், அதிகபட்சம் 60. வரைபடத்தில் ஒல்லியாகத் தெரிவதால் எளிதாகச் சுற்றிவிடலாம் போலிருக்கும். நடுவில் இரண்டாயிரத்து நானூறு மீட்டருக்கு மேல் எழும் மலைகள் நிற்கின்றன, தென்கரைக்குப் போகும் சாலைகள் எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். வடமேற்குக் கரையிலுள்ள ஹனியா நகரத்திலிருந்து எலஃபோனிசி கடற்கரை 75 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கிழக்குக் கோடியில் இருக்கும் வாய் கடற்கரைக்கு ஒரு பகல் போய்விடும். என் முதல் பயணத்தில் நானும் சுற்றினேன். ஒவ்வொரு நாளும் ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சிவெயில், வெளிச்சம் இறங்கும் நேரத்தில் அடுத்த ஊருக்கு ஓட்டம். நல்ல படங்கள் என்று எடுத்து வைத்தவை எல்லாம் இரண்டு இரவு தங்கிய ஊர்களில் எடுத்தவை.

ஸ்பினலோங்காவை விடச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த தீவு அது, பார்க்க வேண்டிய இடம். ஆனால் பகலில் படகில் போய்ப் பகலிலேயே திரும்பும் இடம், வெளிச்சம் உங்களுக்காக இரங்காது. பழங்கால அரண்மனையின் இடிபாடுகள் இருக்கும் க்னோஸோஸும் பகலில் மட்டும் பார்க்கிற இடம்தான். வரலாற்றுக்காக இன்னொரு முறை போங்கள்.

உங்கள் தேதிகளுக்கு நான் போடும் கணக்கு இது: 24, 25 இரவுகள் ஹனியா. 26, 27 ஸ்பிலி. 28 எலஃபோனிசி அருகே. 29 பாலோஸுக்கு அருகிலுள்ள கிஸாமோஸ். 30 பிற்பகலுக்குள் மறுபடி ஹனியா, கடைசி மூன்று இரவும் அங்கேயே. ஏதென்ஸிலிருந்து ஹனியாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஏதென்ஸை ஒட்டிய பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலில் வந்தால் விடிகாலையில் ஹனியாவை அடுத்த சூடா துறைமுகத்தில் இறங்கலாம், கப்பல் மேல்தளத்திலிருந்தே மலைகள் தெரியும்.

ஹனியாவுக்கு ஏன் ஐந்து இரவு? பழைய துறைமுகத்தில் வெனிஸ்காரர்கள் கட்டி, 1830களில் எகிப்தியர் திருத்திக் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. எதிர்க்கரையில் ஃபிர்காஸ் கோட்டை. எல்லோரும் சாயங்காலம் ஃபிர்காஸ் பக்கம் நின்று எடுப்பார்கள், அது சரியான இடம்தான்: மேற்கு வெளிச்சம் நேராக விளக்கத்தின் மஞ்சள் கல்லில் விழும். எனக்கு அதைவிடப் பிடித்தது காலைக் காட்சி. விடியுமுன் அறையிலிருந்து கிளம்பி, துறைமுகத்தைச் சுற்றி, அலைத்தடுப்புச் சுவர்மேல் விளக்கம்வரை நடந்து, திரும்பித் தெற்கே பாருங்கள். முன்னால் தண்ணீர், அடுத்து வண்ண வீடுகளின் வரிசை, அதற்கும் மேலே லெஃப்கா ஓரி எனப்படும் வெள்ளை மலைகள். ஏப்ரல் கடைசியிலும் உச்சிகளில் பனி இருக்கும். அந்த மாதத்தில் சூரியன் நேர்கிழக்குக்குக் கொஞ்சம் வடக்கே தள்ளி உதிப்பதால் முதல் வெளிச்சம் மலையின் வடமுகத்தில், அதாவது உங்களைப் பார்த்த பக்கத்தில், சாய்வாக விழும். 70-200 லென்ஸை 100 மில்லிமீட்டருக்கு மேல் வைத்தால் மலை வீடுகளுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். வைட் லென்ஸில் அதே மலை வெறும் கோடாகிவிடும்.

வடக்குக் காற்று அடிக்கும் நாளில் அலை சுவரைத் தாண்டித் தெறிக்கும். ஒரு முறை லென்ஸின் முன்கண்ணாடியில் படிந்த திவலையை உடனே துணியால் துடைத்தேன். காய்ந்த உப்புத் துகள் ஃபில்டரில் மெல்லிய வட்டக் கீறல்களாகப் பதிந்துவிட்டது. முதலில் நல்ல தண்ணீரை நாலு சொட்டு விட்டு உப்பைக் கரையவிட்டு, பிறகுதான் துணி. ட்ரைபாட் காலையும் அன்றிரவே குழாயடியில் கழுவிவிடுங்கள்.

இந்தத் தேதிகளில் காலை ஆறரையை ஒட்டிச் சூரியன் உதிக்கும், இரவு எட்டேகாலை ஒட்டி மறையும். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். அங்கே சாய்ந்து இறங்குவதால் பொன்வெயிலும் அதற்குப் பின்வரும் நீல நேரமும் இன்னும் கொஞ்சம் நீளும். அஸ்தமனம் முடிந்ததும் கேமராவை மூட்டை கட்டாதீர்கள். இருபது நிமிடம் கழித்து, துறைமுக விளக்குகளும் வானமும் ஒரே அளவு பிரகாசத்துக்கு வரும் அந்தச் சில நிமிடங்கள்தான் முக்கியம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, சில வினாடிகள்.

ஸ்பிலி உங்கள் பட்டியலில் இல்லை, நான் சேர்க்கிறேன். அந்த மலையூருக்கு அருகே கியூஸ் காம்போஸ் என்ற மேட்டுச் சமவெளி. ஏப்ரலில் அங்கே காட்டு ட்யூலிப்பும் பலவகை ஆர்க்கிட்டும் வயல் ஓரங்களில் பூக்கும். தேனீயின் உடல் போலவே இதழ் அமைந்த ஆர்க்கிட் வகைகளைத் தரையோடு படுத்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் தேதி பூக்காலத்தின் பின்பகுதி, அதனால்தான் இதைப் பயணத்தின் முதலிலேயே வைத்தேன். காற்றில் பூ ஆடும், ஷட்டர் 1/500 வினாடியைவிட மெதுவாக வேண்டாம். படுக்குமுன் கீழே பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பூவுக்காகப் பத்துப் பூவை நசுக்கிவிடக் கூடாது.

எலஃபோனிசியின் இளஞ்சிவப்பு மணல் படங்களில் பார்ப்பதுபோல் கரை முழுவதும் இருக்காது. நொறுங்கிய கிளிஞ்சல் துகள்கள் அலை ஓரத்தில் கோடுகோடாக ஒதுங்கும். மணல் ஈரமாக இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு, நிறம் நன்றாகத் தெரியும். பகல்நேரப் பேருந்துகள் போனபின் கடற்கரை உங்களுக்கே. பக்கத்தில் தங்கச் சொன்னது அதற்குத்தான். 28ஆம் தேதி தேய்பிறை, நிலா நள்ளிரவு தாண்டித்தான் வரும். முன்னிரவில் நட்சத்திரங்களை எடுக்கலாம். பாதுகாக்கப்பட்ட இடம் அது, மணலை ஒரு பிடிகூட எடுத்து வரக் கூடாது.

பாலோஸ் காயலுக்கு மட்டும் அதிகாலை விதி செல்லாது. நீங்கள் நிற்கும் மேடு கிழக்கே, காயல் மேற்கே. உங்களுக்குப் பின்னாலிருக்கும் மலையின் நிழல் காலையில் தண்ணீர்மேல் கிடக்கும். அந்தப் பச்சையும் நீலமும் ஒன்பது, ஒன்பதரைக்கு மேல், வெயில் முதுகுப்பக்கம் உயர்ந்து ஏறியபின்தான் வரும். பிற்பகலில் எதிர்வெயில், தண்ணீர் தகரம்போலப் பளபளக்கும். போலரைசர் ஃபில்டர் இருந்தால் மேற்பரப்புப் பளபளப்பை வெட்டும். ஆனால் 24 மில்லிமீட்டரில் அதை முழுதாகத் திருப்பினால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப்போகும், பாதியில் நிறுத்துங்கள்.

அங்கே போகும் கடைசி எட்டு கிலோமீட்டர் மண்சாலை. எனக்கு அங்கே ஒரு டயர் கிழிந்தது. முழுக் காப்பீடு என்று நம்பி வாங்கிய ஒப்பந்தத்தில், மண்சாலையில் டயருக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் பொறுப்பில்லை என்று உள்ளே ஒரு வரி இருந்திருக்கிறது. கார் எடுக்கும்போதே இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், இடக்கையால் பழகிய கியரை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு மலைவளைவில் திணற வேண்டாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸமாரியாவை விட்டதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாதை வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில்தான் திறக்கும், வானிலையைப் பொறுத்துத் தள்ளியும் போகும். 16 கிலோமீட்டர் இறக்கம், முடிவில் படகைப் பிடிக்க வேண்டிய அவசரம். நின்று படம் எடுக்கும் நடை அல்ல அது.

லென்ஸ்: 150-600 வீட்டிலேயே இருக்கட்டும். அந்த எடைக்குப் பதிலாக 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஒன்று போதும், ஏன் என்று கீழே சொல்கிறேன். ட்ரோன் எண்ணம் இருந்தால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதை இயக்குபவராக முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும், தொல்லியல் இடங்களில் பறக்கவிட முடியாது. அங்கே ட்ரைபாடுக்கும் தனி அனுமதி கேட்பார்கள்.

வசந்தத்தில் சில நாள் தெற்குக் காற்று சஹாராவின் தூசியைக் கொண்டு வரும். 2024 ஏப்ரல் 23 அன்று ஏதென்ஸ் வானமே ஆரஞ்சு நிறமானது இதனால்தான். அப்படி ஒரு நாள் வாய்த்தால் கடலைத் தேடிப் போகாதீர்கள், நிறம் இருக்காது. வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப்போகும் மலை அடுக்குகளை 200 மில்லிமீட்டரில் எடுங்கள், அந்த வெளிச்சம் அதற்கென்றே வந்ததுபோல் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றுக்கு வருகிறேன். 2027இல் கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டர் மே 2. நீங்கள் தேதியைப் பார்த்துப் போட்டீர்களோ என்னவோ, புனித வாரம் முழுவதும் அங்கே இருக்கிறீர்கள். 30ஆம் தேதி பெரிய வெள்ளி. அன்றிரவு மலர்களால் மூடிய எபிதாஃபியோஸ் என்னும் பாடையைத் தோளில் சுமந்து ஒவ்வொரு பங்கும் தெருவில் ஊர்வலம் வரும். பழைய ஹனியாவின் சந்துகளில் மக்கள் மெழுகுவத்தியோடு பின்தொடர்வார்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதற்குத்தான்: ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, ஷட்டர் 1/125 வினாடி. வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 3500 கெல்வின் அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் மெழுகுவத்தியின் மஞ்சளை கேமரா வெளுத்துவிடும். ஃப்ளாஷ் கூடவே கூடாது. அது துக்க ஊர்வலம். பாடைக்கு முன்னால் ஓடி நின்று எடுக்காமல் ஓரத்தில் ஒரு வாசற்படியில் நின்று, அது உங்களைக் கடந்து போகவிடுங்கள்.

சனிக்கிழமை நள்ளிரவில் கோயிலின் விளக்குகள் எல்லாம் அணையும். குருவின் கையிலிருந்து ஒரே ஒரு சுடர் கிளம்பி, மெழுகுவத்திக்கு மெழுகுவத்தி கைமாறி வெளிவாசல்வரை வரும். பிறகு வெளியே யூதாஸ் பொம்மையை விறகுக் குவியலில் வைத்து எரிப்பார்கள், பட்டாசு பலமாக வெடிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சுடர் கைமாறும் நேரத்தில் முகங்கள் ஒவ்வொன்றாகக் கீழிருந்து வெளிச்சம் பெறும். உங்கள் மனைவி கையிலும் ஒரு மெழுகுவத்தி இருக்கட்டும், பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு பாட்டி அதை ஏற்றிக் கொடுப்பார், அந்தப் படத்தை முதலில் எடுங்கள்.

ஞாயிறு அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பெட்ரோலும் ரொட்டியும் சனிக்கிழமை காலையிலேயே வாங்கி வையுங்கள். ஈஸ்டருக்குக் கிரேக்கர்கள் எல்லோரும் சொந்த ஊர் திரும்புவார்கள், கப்பலும் விமானமும் நிரம்பிவிடும். அதனால் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, ஹனியாவின் கடைசி மூன்று இரவுகளுக்கு, ரத்து செய்யக்கூடிய முறையில், பழைய நகரத்துக்குள் ஓர் அறையைப் பிடித்து வையுங்கள்.