அண்ணாவியாருக்குச் சொல் வரவில்லை

வணக்கம்.
அப்பா மட்டக்களப்பு களுவாஞ்சிகுடிப் பக்கம் வடமோடிக் கூத்துப் பழக்கும் பேர்போன அண்ணாவியார். நாலு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. எதைக் கேட்டாலும் "அது... அது..." என்பார், பிறகு அழுவார். அறளை பெயர்ந்து புத்தி தடுமாறிவிட்டது என்கிறது சனம். கிளினிக்கில் பேச்சுச் சிகிச்சைக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். கதைக்கப் பழக்க ஒரு ஆள் வேணுமா? வீட்டில் நாங்கள் கதைத்துக்கொண்டுதானே இருக்கிறோம்?
மகள் ஒருத்தி

அன்புள்ள தங்கச்சி,

கட்டாயம் கூட்டிப் போங்க. அப்பா அழுகிறார் என்றால், வாயில் வருவது தான் நினைத்த சொல் இல்லை என்று அவருக்குத் தெரிகிறது போல. அழுகையை வைத்து அறளை என்று முடிவுகட்டாதீங்க. 1861இல் பிரான்சில் போல் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு "டான்" என்ற சத்தம் தவிர அநேகமாக வேறொன்றும் வராது, மற்றவர் சொல்வது விளங்கும். இறந்தபின் பார்த்தால் மூளையின் இடப்பக்க முன்பகுதி பழுது. வலக்கையை ஆள்வதும் இடப்பக்க மூளைதான். அதனால்தான் கையும் பேச்சும் சேர்ந்து விழுகின்றன.

என் அம்மாவுக்கு வந்தபோது சிகிச்சையாளர் முதலில் பேச்சைத் தொடவே இல்லை. ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து, விழுங்கும்போது தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு "ஆ" சொல்லச் சொன்னார். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தது. அதுவரை நாங்கள் பிளேன்டீ பருக்கிக்கொண்டிருந்தோம். அது சுவாசக்குழாய்க்குள் இறங்கித்தான் இரண்டு தரம் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது. விழுங்குவதைப் பார்ப்பதும் இவர்கள் வேலை என்று வார்டில் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பாவுக்குத் தேத்தண்ணி புரையேறுதா? ஏறினால் முதலில் அதைச் சொல்லுங்க.

அவர் அண்ணாவியார் என்பதையும் சொல்லுங்க. பேச்சிழந்த பலருக்குப் பழகிய பாட்டு கோர்வையாக வரும், ஏச்சும் வரும். இதை வைத்தே 1970களில் அமெரிக்காவில், இடக்கையால் தட்டிக்கொண்டு சொல்லை ராகமாக இழுத்துப் பழக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். எல்லாருக்கும் பலிக்காது. ஆனால் மத்தளத்தோடு வாழ்ந்த கைக்கு அது அந்நியமில்லை.

இலங்கையில் பேச்சுச் சிகிச்சைக்கான படிப்பு 1997இல்தான் களனிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழில் பார்க்கக்கூடியவர்கள் இன்னும் குறைவு. திகதி தள்ளிப் போனாலும் விட்டுவிடாதீங்க.

வீட்டில் "என்ன வேணும்?" என்று கேட்காமல் தண்ணிக் கோப்பையையும் சோற்றுக் கோப்பையையும் காட்டி "இதுவா, இதுவா?" என்று கேளுங்க. பிறகு காத்திருங்க. சொல்லை நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க.

இன்று பின்னேரம் கூத்தில் பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டில் அவருக்குப் பிடித்த ஒன்றின் முதலடியைப் பாடி, பாதியில் நிறுத்துங்க. மிச்சத்தை அவர் எடுக்கிறாரா என்று எனக்கு எழுதுங்க.