ராணுவப் பாஸ்: அமெரிக்கப் பூங்கா வாசலில் எது இலவசம், எது இல்லை?

கேள்வி: எங்கள் மகள் அமெரிக்க விமானப் படையில் இருக்கிறாள். நாங்கள் கிரீன் கார்டில் அவளுடனேயே இருக்கிறோம். அவளுக்கு வேலை இருக்கும் நாளில் அவளுடைய ராணுவப் பாஸை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மட்டும் கிராண்ட் கேன்யன் போய் வரலாமா?
– வாசகி, டூசான்

பதில்: முடியாதம்மா. தேசியப் பூங்காக்களில் கட்டணமின்றி நுழைய ராணுவத்தினருக்குக் கொடுக்கும் அந்தப் பாஸ் உங்கள் காருக்கு இல்லை, மகளுக்கு. வாசலில் பாஸோடு போட்டோ உள்ள அடையாள அட்டையையும் கேட்பார்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் 35 டாலர் கட்ட வேண்டியதுதான். அது ஒரு காருக்கு ஏழு நாள் கட்டணம். மகளும் கூட வந்தால் சொந்தக் காரில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து இலவசம்.

காருக்குப் பதிலாகத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ பக்கம் உள்ள மியூர் வுட்ஸ் அப்படித்தான். அங்கே பாஸ் வைத்திருப்பவரும் கூட மூன்று பெரியவர்களும் போகலாம். ஐந்தாவது ஆள் டிக்கெட் எடுக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ் எப்போதும் இலவசம் என்பதால் பிள்ளைகளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மருமகன் இருந்தால், ராணுவம் கொடுத்த குடும்ப உறுப்பினர் அட்டையைக் காட்டித் தன் பெயரிலேயே தனிப் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். பெற்றோருக்கு இது கிடைப்பது அபூர்வம். மகளைச் சார்ந்து வாழ்பவர்கள் என்று ராணுவமே ஏற்று அட்டை கொடுத்திருந்தால்தான் உண்டு.

கேள்வி: இலவசம் என்கிறார்கள், ஆன்லைனில் 10 டாலர் கேட்கிறதே?
– வாசகர், சான் டியாகோ

பதில்: பாஸுக்கு விலை இல்லை. அந்த 10 டாலர், வீட்டுக்கு அனுப்பிவைப்பதற்கான செலவு. கட்டணம் வாங்கும் தேசியப் பூங்கா ஒன்றின் வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் கையோடு கொடுத்துவிடுவார்கள். ஆனால் எல்லா இடத்திலும் பாஸ் இருப்பு இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். பணியில் இருப்பவருக்கு ஓராண்டுப் பாஸ். தொலைந்தால் நகல் தர மாட்டார்கள். மறுபடி அட்டையைக் காட்டிப் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: தமிழ் தெரிந்தவன் என்ற தகுதியில், மேவ்னி என்ற வெளிநாட்டவருக்கான சிறப்பு ஆள்சேர்ப்புத் திட்டம் வழியாக ராணுவத்தில் சேர்ந்து, பணி முடித்து வந்துவிட்டேன். டிடி-214 விடுவிப்புச் சான்றிதழைக் காட்டியும் பாஸ் தரவில்லை. எனக்குத் தகுதி இல்லையா?
– வாசகர், டாலஸ்

பதில்: தகுதி இருக்கிறது, அதுவும் ஆயுள் முழுவதற்கும். காட்டிய காகிதம்தான் சரியில்லை.

2012 மே மாதம் இந்தப் பாஸ் வந்தபோது பணியில் இருந்தவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் மட்டும்தான் கொடுத்தார்கள். போர்முனையில் இருந்து திரும்பி, சீருடையைக் கழற்றிய மறுநாளே சலுகை போய்விடும். இது பெரிய குறை. 2020 நவம்பர் 11 முதல் முன்னாள் வீரர்களையும் கட்டணமின்றி விட்டார்கள். 2021 டிசம்பரில் அது சட்டமானது; 2022 நவம்பர் 11 அன்று ஆயுள் பாஸ் கைக்கு வந்தது.

முன்னாள் வீரருக்கு ஏற்கப்படும் அட்டைகள் நான்கு: பாதுகாப்புத் துறை அடையாள அட்டை, முன்னாள் வீரர் மருத்துவ அட்டை, முன்னாள் வீரர் அடையாள அட்டை, ‘வெட்டரன்’ என்று அச்சான மாநில ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை. டிடி-214 இதில் இல்லை. ஆனால் அதை வீணென்று நினைக்காதீர்கள். உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு அதைக் கொண்டுபோய் அந்த ஒரு சொல்லை உரிமத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு எந்த வாசலிலும் தடையிருக்காது.

போர் போன்ற ராணுவ நடவடிக்கையில் உயிர் நீத்தவரின் குடும்பத்துக்கும் இதே ஆயுள் பாஸ் உண்டு. அவர்களிடம் அட்டை கேட்பதில்லை. பூங்காத் துறை இணையதளத்தில் உள்ள உறுதிமொழிச் சீட்டை அச்செடுத்து, பாஸ் கொடுக்கும் இடத்தில் நேரில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். தெரிந்த குடும்பம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கேள்வி: இந்தியத் தரைப்படையில் சுபேதாராக ஓய்வு பெற்றவன். மகனைப் பார்க்க வரும்போது என் அட்டை செல்லுமா?
– வாசகர், வேலூர்

பதில்: செல்லாது ஐயா. அமெரிக்கப் படையினருக்கு மட்டும்தான். மேலும் 2026 ஜனவரி 1 முதல், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் உட்பட 11 பூங்காக்களில், ஆண்டுப் பாஸ் இல்லாமல் வரும், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாஸ் இருந்தும் ஹவாயில் இரண்டு இடங்களில் பணம் கட்டச் சொன்னார்கள். ஏன்?
– கடற்படை வீரரின் மனைவி, ஹோனலூலு

பதில்: பாஸ் தள்ளுபடி செய்வது நுழைவுக் கட்டணத்தையும், காட்டுத் துறை போன்ற இடங்களில் பகல்நேரப் பயன்பாட்டுக் கட்டணத்தையும்தான். ஹலேயாகலா தேசியப் பூங்காவில் சூரிய உதயம் பார்க்க முன்பதிவு வேண்டும். அந்தப் பதிவுக் கட்டணம் தனி. டைமண்ட் ஹெட் மாநில அரசுப் பூங்கா, அங்கே மத்திய அரசின் பாஸுக்கு வேலையே இல்லை. கூடாரம் போடுவது, படகு இறக்குவது, வழிகாட்டியுடன் சுற்றுவது இவையெல்லாம் காசு கொடுத்துத்தான். மியூர் வுட்ஸில் நுழைவு இலவசமானாலும் கார் நிறுத்த முன்பதிவு இல்லாமல் போனால் திரும்பத்தான் வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில். நுழைவுக் கட்டணமே கிடையாது. ஆனால் 2023 மார்ச் முதல் 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும். ஒரு நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. ராணுவப் பாஸ் அதற்கு ஈடாகாது. டேக்கில் வண்டி எண் இருக்கும் என்பதால், இரண்டு காரில் போனால் இரண்டு டேக் வாங்குங்கள்.