உத்தரியம், தீர்த்தம், மந்திரித்த எண்ணெய்: வீட்டாருக்காக வேண்டுவோர் கேட்டவை

கத்தோலிக்கக் கோவிலில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன்.

மகன் துபாயில் லாரி ஓட்டுகிறான். உத்தரியம் (கழுத்தில் அணியும் மாதாவின் சிறு துணிப்பட்டை) அனுப்பப் போகிறேன். போட்டிருந்தால் விபத்து வராதுதானே?

அப்படியொரு வாக்குறுதி திருச்சபையில் கிடையாது அம்மா. கார்மேல் மாதா 1251-இல் புனித சைமன் ஸ்டாக்கிடம் உத்தரியம் கொடுத்தார் என்று சொல்லும் மரபுகூட நித்திய நெருப்பிலிருந்து காப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. மாதாவின் பிள்ளையாக வாழ்கிறேன் என்பதற்கு அது அடையாளம். அந்த எண்ணத்தோடு கட்டாயம் அனுப்புங்கள். முதல் தடவை மட்டும் குருவானவர் மந்திரித்து அணிவிக்க வேண்டும். துபாயில் புனித மரியன்னை ஆலயம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்கச் சொல்லுங்கள். நைந்துபோனால் அடுத்ததை அவனே மாற்றிக்கொள்ளலாம். அந்த வெயிலில் துணி உறுத்தினால், பதிலுக்குப் பதக்கம் அணிய 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அனுமதி கொடுத்திருக்கிறார். அதில் ஒரு பக்கம் திரு இருதயமும் மறுபக்கம் மாதாவும் இருக்க வேண்டும். நீங்கள் இங்கே அவனுக்காக ஐம்பத்து மூன்று மணிச் செபம் (செபமாலை) சொல்லுங்கள்.

அம்மா ஐசியுவில் இருக்கிறார். தீர்த்தம் தெளித்து, வேளாங்கண்ணி எண்ணெய் பூசி வருகிறோம். வேறு என்ன செய்யலாம்?

முதலில் பங்குச் சாமியாருக்குப் போன் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் பூசும் எண்ணெய் பக்தி முயற்சி, நல்லதுதான். ஆனால் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல், திருச்சபையின் புனிதச் சடங்குகளான ஏழு அருட்சாதனங்களில் ஒன்று, அதைக் குருக்கள் மட்டுமே கொடுக்க முடியும். ‘உங்களுள் யாரேனும் நோயுற்றிருந்தால் மூப்பர்களை அழையுங்கள்’ என்கிற யாக்கோபின் அறிவுரையிலிருந்தே (5:14) இது வருகிறது. சாமியார் வந்தால் உயிர் போய்விடும் என்று பயந்து பல வீடுகளில் கடைசி மூச்சுவரை இழுத்தடிக்கிறார்கள். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல இது என்று 1963-லேயே உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். அம்மாவுக்கு நினைவு இருக்கும்போதே அழைத்தால் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யலாம், முடிந்தால் நன்மையும் (நற்கருணை) வாங்கலாம். இன்றைக்கே அழையுங்கள்.

என் கணவர் இந்து. அவருக்குத் தெரியாமல் பைக்கில் அந்தோனியார் பதக்கம் வைத்தால் தவறா?

பதக்கம் வைப்பதில் தவறில்லை. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் ஆசி வழங்கலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது (எண் 1170). ஆனால் தெரியாமல் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தகடு புதைத்து வைப்பதுபோல் ஆகிவிடும். ‘நீங்கள் பத்திரமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைக்கிறேன்’ என்று அவரிடமே சொல்லுங்கள். பிரியமானவர் மறுக்க மாட்டார். மறுத்தால் விட்டுவிட்டு, செபத்தைத் தொடருங்கள். புனித மோனிக்காவின் கணவர் பத்ரீசியுஸும் கிறிஸ்தவர் அல்லர், முன்கோபியும்கூட. மோனிக்கா அவரிடம் வாதாடவில்லை. தன் நடத்தையையே பேசவிட்டு, கடவுளிடம் மன்றாடினார்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை நானே ஆசீர்வதிக்கலாமா? அல்லது சாமியார்தான் செய்ய வேண்டுமா?

தாராளமாக நீங்களே செய்யலாம். திருமுழுக்குப் பெற்ற பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு. தீர்த்தத்தில் விரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடுங்கள், அவர்களுடைய காவல் சம்மனசையும் (காவல் தூதர்) கூப்பிடுங்கள்.

இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் குடும்பத்துக்குக் கேடு வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பயமாக இருக்கிறது.

அழித்துவிடுங்கள். பயமுறுத்திச் செபிக்க வைப்பது மூடநம்பிக்கை, பாவமும்கூட. அதில் உள்ள செபம் நல்ல செபமாக இருந்தால் நீங்கள் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

உடைந்த சுரூபம் (புனிதர் சிலை), அறுந்த செபமாலை, போன வருடக் குருத்தோலை எல்லாம் சேர்ந்துவிட்டன. குப்பையில் போட மனம் வரவில்லை.

மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது. சுரூபத்தையும் செபமாலையையும் யாரும் மிதிக்காத இடத்தில் மண்ணில் புதையுங்கள். உத்தரியத்தை எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். குருத்தோலையைத் திருநீற்றுப் புதனுக்கு முன் கோவிலில் கொடுத்துவிடுங்கள், அன்றைக்குப் பூசும் சாம்பலுக்கு ஆகும்.