எட்டில் ஐந்து சிவப்பு: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: வயது 38. அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, இரண்டு குழந்தைகள். ஆன்லைனில் ஒரு வெல்னஸ் கோச் உடல், மனம், உறவு, வேலை, பணம், அறிவு, ஆன்மிகம், சூழல் என எட்டாகப் பிரித்த சக்கரத்தில் மதிப்பெண் போடச் சொன்னார். ஐந்து பகுதிகள் பத்துக்கு நான்கைத் தாண்டாமல் சிவப்பில் நிற்கின்றன. எட்டுக்கும் நேரம் ஒதுக்கி அட்டவணை போட்டேன். பதினோராவது நாளே விட்டுவிட்டேன், குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. ஆறு மாதக் கட்டணப் பயிற்சியில் சேர்ந்தால்தான் சமநிலை வரும் என்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். காலை 4.45க்கு எழுகிறீர்கள். 5 மணிக்குத் தியானம், 5.20க்கு நன்றி டைரி. இரவு 9.40க்கு ‘சமூக நலம்: அக்காவுக்கு போன், 10 நிமிடம்’, பக்கத்திலேயே டிக் அடிக்க ஒரு கட்டம். அக்காவிடம் பேசுவது எப்போது வீட்டுப்பாடம் ஆனது? கடைசி வரியில் படுக்கும் நேரம் 11.45. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, ஐந்தே மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும்.

இப்போது உங்கள் சிவப்புக் கட்டங்களில் எழுதியிருப்பதைத் திரும்பப் படியுங்கள். உறவில், ‘குழந்தைகளிடம் எரிந்து விழுகிறேன்’. அறிவில், ‘ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்கிறேன்’. உடலில், ‘மாலையில் கண்டதையும் சாப்பிடுகிறேன்’. தூக்கம் குறைந்தால் பொறுமை போகும், கவனம் சிதறும், பசி கூடும். ஐந்து பிரச்சினை என்று நீங்கள் எண்ணியதில் பெரும்பங்கு ஒரே பிரச்சினைதான். அதைச் சரிசெய்ய வந்த அட்டவணை, இருந்த தூக்கத்தையும் பிடுங்கிவிட்டது.

சக்கரத்தின் மேல் தப்பில்லை. 1976இல் பில் ஹெட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் ஆறு பகுதிகளாகச் சொன்னார். பணமும் சூழலும் பிறகு சேர்ந்தவை. எதை மறந்திருக்கிறோம் என்று பார்க்க உதவும் பட்டியல் அது. அதை டைம்டேபிளாக்கி விற்பவர்கள்தான் சிக்கல். பல நாடுகளில் வெல்னஸ் கோச் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. மாதக் கடைசியில் யாரை மதிப்பெண் போடச் சொன்னாலும் நான்குதான் வரும். பணம் கட்டி ஆறு மாதம் கழித்துப் போட்டால் தானாக ஏழு வரும், கட்டிய பணம் வீண் என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்காமலே கட்டணம் சொல்பவரை நம்பாதீர்கள். சாப்பிட்டு வரும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகங்களும் சளைத்தவை அல்ல. மதியம் மூச்சுப் பயிற்சி வெபினார், இரவு பத்து மணிக்கு ‘காலைக்குள் வேண்டும்’ என்று மெயில். சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தால் வருவதே பர்ன்அவுட், அதாவது வேலையில் முற்றிலும் சோர்ந்துபோகும் நிலை, என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகைப்படுத்தியது. பணியிடம் என்ற சொல்லை மட்டும் நிர்வாகங்கள் படிப்பதே இல்லை. மருத்துவர்களாகிய நாங்களும் ஆளுக்கொரு உறுப்பைப் பார்த்து அனுப்பிவிடுகிறோம்.

தூக்கத்தைப் பற்றி எழுதினாலே இரவுப் பணியாளர்கள் கோபமாக எழுதுவார்கள், நியாயம்தான். சீக்கிரம் படுங்கள் என்பது அவர்களுக்குப் பொருந்தாது. பகலில் உடல் கடிகாரம் எழுப்பிக்கொண்டே இருக்கும், தூக்கம் துண்டு துண்டாகும். பணி முடிந்து போகும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கும் அறையில் வெளிச்சம் புகாத திரை, வீட்டார் கதவைத் தட்டாத ஏற்பாடு, இந்த மூன்றும் வேண்டும். காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் ஷிப்டின் பிற்பாதியில் காபி கூடாது. ஷிப்ட் மாறுமென்றால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் கேட்டு வாங்குங்கள். எதிர்த்திசையில் மாறினால் உடல் பழக நாளாகும்.

சரி, உங்களுக்கு வருகிறேன். மூன்று வாரம் 10.45க்குப் படுத்து 6 மணிக்கு எழுங்கள், விடுமுறை நாளிலும். தியானம், டைரி எல்லாம் நிற்கட்டும். வாரம் 150 நிமிட நடை போதும், நாளுக்கு 22 நிமிடம்கூட வராது. துண்டு துண்டாகவும் நடக்கலாம். நடக்கும்போதே அக்காவிடம் பேசுங்கள், கட்டத்தில் டிக் வேண்டாம். மூன்று வாரத்துக்குப் பிறகும் பணக்கவலை சிவப்பாகவே இருந்தால் அதைத் தனியாக எடுத்துக்கொண்டு உட்காரலாம். நன்றாகத் தூங்கியும் மனச்சோர்வு போகவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், கோச்சை அல்ல.

கோச்சிடம் முன்பணம் கொடுத்திருந்தால் ரத்து செய்வதாக இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘ஒருமுறை போனில் பேசலாமே’ என்று கூப்பிடுவார், எடுக்காதீர்கள். எழுத்திலேயே பதில் கேளுங்கள்.