ஒரே ஒரு புள்ளிதானே என்கிறார்கள்!

கல்லூரி சேர்க்கை முடிந்த கையோடு லேப்டாப் கேள்விகள் வந்து குவிகின்றன. இந்த முறை பாதிக்கு மேல் திரையைப் பற்றியவை. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

“சார், போன வாரம் பாண்டி நேரு வீதியில் மகளுக்கு லேப்டாப் வாங்கினோம். திரை நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கெல்லாம் மாற்ற முடியாது என்கிறது சர்வீஸ் சென்டர். ஒரு வருட வாரண்டி எதற்குத்தான் இருக்கிறது?” (நெல்லிக்குப்பம் வாசகி)

உங்கள் கோபம் புரிகிறதம்மா. ஆனால் அவர்கள் சொல்வது கட்டுக்கதையும் இல்லை. உங்கள் ஃபுல் எச்டி திரையில் 1920×1080, அதாவது 20,73,600 பிக்சல்கள் (படத்தை உண்டாக்கும் நுண்புள்ளிகள்). ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள். ஆக 62 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய கண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்சிஸ்டர் (குட்டி மின் சுவிட்ச்). ஒன்றிரண்டு பழுதானாலே பேனலை, அதாவது முழுத் திரைப் பலகையை, கழித்துப் போட்டால் கட்டுப்படியாகாது என்பது தயாரிப்பாளர்களின் வாதம். அதற்கு ஓர் அளவுகோலும் வந்தது: 2001-இல் ஐஎஸ்ஓ 13406-2 என்ற சர்வதேசத் தரம். அதன் இடத்தில் 2008-இல் ஐஎஸ்ஓ 9241 வரிசை வந்தது. பழைய தரத்தின் இரண்டாம் வகுப்பில், 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் புள்ளி 2, எப்போதும் அணைந்திருக்கும் புள்ளி 2, துணைப் பிக்சல் பழுது 5 வரை போகலாம். உங்கள் திரைக்குக் கணக்குப் போட்டால் நாலு கறுப்புப் புள்ளி இருந்தாலும் ‘பாஸ்’தான்!

எத்தனை புள்ளிக்கு மாற்றித் தருவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனியாக வைத்திருக்கிறது. வாரண்டி அட்டையில் தேடாதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் ‘பிக்சல் பாலிசி’ என்று தேடுங்கள். கறுப்புப் புள்ளியைவிட எரியும் புள்ளிக்கு இரங்குகிறவர்களும் உண்டு. டெல் தன் உயர்ரக மானிட்டர்களுக்கு ‘பிரீமியம் பேனல்’ என்று ஒன்று வைத்திருக்கிறது, எரியும் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவார்கள். அது மானிட்டருக்கு, லேப்டாப்புக்கும் அப்படியே என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையை விட்டுவிட்டு ஜாப் ஷீட்டில் (அவர்கள் தரும் பழுதுப் பதிவுத் தாளில்) எழுதி வாங்குவது: எத்தனை புள்ளி கண்டார்கள், எந்த விதிப்படி மறுக்கிறார்கள். அந்தத் தாளோடு உடனே கடைக்குப் போங்கள். வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. கம்பெனி மறுத்ததைக் கடைக்காரர், தன் வாடிக்கையாளர் என்பதற்காகவே மாற்றித் தந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்துப் போனால் அந்த முகம் வேறு மாதிரி இருக்கும்.

“அண்ணா, என் திரையில் பச்சையாக ஒரு புள்ளி மட்டும் எரிந்துகொண்டே இருக்கு. விரலால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்கிறான் நண்பன்.” (லாஸ்பேட்டை மாணவர்)

தம்பி, கையை எடுங்கள். அழுத்தினால் பக்கத்துப் பிக்சல்களும் கெடலாம், அப்புறம் ‘வெளிச் சேதம்’ என்று வாரண்டியே போய்விடும். உங்களுடையது எரியாமல் கறுத்துப்போன செத்த புள்ளி அல்ல, ஒரே நிறத்தில் சிக்கிக்கொண்ட புள்ளி. வண்ணங்களை வேகமாக மாற்றிக் காட்டும் வீடியோவைச் சில மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சிலருக்குச் சரியாகியிருக்கிறது, உறுதி சொல்ல முடியாது.

“கடையிலேயே பார்த்து வாங்குவது எப்படி? விண்டோஸ் போட்டால்தான் தெரியும் என்கிறார் கடைக்காரர்.” (பண்ருட்டி வாசகர்)

டெல் என்றால் விண்டோஸே வேண்டாம். டி (D) விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனைத் தட்டுங்கள், திரை தானாகவே ஒவ்வொரு நிறமாக மாறும். மற்றவற்றுக்கு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெற்றுப் படங்களைப் பென்டிரைவில் கொண்டு போங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெரியும், கறுப்பில் எரியும் புள்ளி தெரியும். துணியால் மெதுவாகத் துடைத்ததும் போனால் அது தூசி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு திரையில் பாருங்கள். அங்கேயும் புள்ளி இருந்தால் பழுது பேனலில் இல்லை. பணம் கட்டும் முன் இந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்க மாட்டேன்.

“மூன்று மாதம் கழித்து மூலையில் மை சிந்தினாற்போல் கறுப்புத் திட்டு. இதுவும் டெட் பிக்சல்தானா?” (கடலூர் முதுநகர்)

இல்லை, அழுத்தத்தால் பேனல் உடைந்திருக்கிறது. கீபோர்டில் பேனாவை மறந்து மூடியை மூடியிருப்பீர்கள். (நானும் ஒரு முறை இயர்போனை வைத்து மூடியவன்தான்.) சாதாரண வாரண்டியில் வராது, விபத்துச் சேதத்துக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் மட்டும் வரும்.

“வாங்கியது பாண்டியில், வீடு கடலூரில். நுகர்வோர் வழக்கு என்றால் எங்கே போடுவது?” (மஞ்சக்குப்பம்)

கடலூரிலேயே போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பாருங்கள். பில், ஜாப் ஷீட், புள்ளி தெரியும் போட்டோ மூன்றும் கையில் இருக்கட்டும். பில் இல்லாமல் ‘கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்’ என்று வாங்கியிருந்தால், அதை நிரூபிக்கவே உங்கள் பாடு பெரும்பாடாகிவிடும்.