திருவையாறு ஆராதனை சபையில் நாகரத்தினம்மாளுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

சுருக்கமாகச் சொன்னால், கர்நாடக இசை மேதை தியாகராஜருக்கு இன்று நாம் பார்க்கும் சமாதிக் கோயிலே பாடகி நாகரத்தினம்மாள் தன் சொந்தப் பணத்தில் எழுப்பியதுதான். 1847இல் தியாகராஜர் மறைந்த பிறகு காவிரிக் கரையில் அந்தச் சமாதி பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அப்புறம் அவர் நினைவுநாளில் பாடி அஞ்சலி செலுத்தும் ஆராதனை தொடங்கியது, ஆனால் நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து நின்றார்கள், இரண்டிலும் பெண்கள் பாட இடமில்லை. தேவதாசி மரபில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை ஏற்கவில்லை, பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். எனக்கு இதுதான் அந்தக் கோயிலைவிடப் பெரிய காரியம்.

1940இல் எல்லாரும் ஒன்றானதும் பிறந்ததுதான் இப்போதைய தியாகப்பிரம்ம மகோத்சவ சபை.

தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று போய்ப் பாருங்கள். பந்தலில் வரிசை வரிசையாக உட்கார்ந்து, நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகம் வரை அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்னம் பாடும்போது ஆணும் பெண்ணும் ஒரே தாளத்துக்குத் தொடையில் கை தட்டுவார்கள். 1952இல் காலமான அம்மாளின் சிலை, சமாதியைப் பார்த்தபடி அங்கேயே இருக்கிறது.